கண்ணுக்கு மறைந்த எலி

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்ற பழமொழி மனிதர்களைக் குத்திக்காட்டப் பிறந்தது. போகிறபோக்கில் அது பூனை மேலும் ஒரு பழியைப் போட்டுவிட்டது: தன் கண்ணுக்குத் தெரியாதது இல்லவே இல்லை என்று நம்புகிற பிராணியாம் அது. எலிவளைக்கு முன்னால் வெகுநேரம் அசையாமல் குந்தியிருக்கும் விலங்கைப் பற்றி இப்படிச் சொல்வது கொஞ்சம் அநியாயம்தான். ஆனால் அந்தக் காத்திருப்பை மட்டும் சாட்சியாக வைத்துப் பூனையைப் பழியிலிருந்து விடுவித்துவிடவும் முடியாது. வளைக்குள்ளிருந்து வாசனை வரலாம், மெல்லிய கீச்சொலி வரலாம், நேற்று இதே இடத்தில் இரை அகப்பட்ட பழக்கமே அதை அங்கே உட்காரவைத்திருக்கலாம். இவற்றில் எதற்கும் பூனையின் மனதுக்குள் ஓர் எலி இருக்க வேண்டிய தேவையில்லை. மறைந்த பொருளை மனம் வைத்துக்கொண்டிருக்கிறதா என்பதை மோப்பத்திலிருந்தும் பழக்கத்திலிருந்தும் பிரித்துப் பார்க்க, ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பெட்டிகளோடும் திரைகளோடும் மல்லுக்கட்டி வருகிறார்கள். அந்த முடிவுகளைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்குப் படுவது இதுதான். மறைந்த பொருளைப் பூனை மனதில் வைத்திருக்கிறது. சத்தத்தைக் கேட்டு, பார்க்கவே பார்க்காத பொருளைக்கூட எதிர்பார்க்கிறது. ஆனால் மறைந்த பொருள் மறைவிலேயே இடம் மாறினால், அந்தப் பயணத்தை அது மனதில் தொடர்வதில்லை. மூன்றும் வெவ்வேறு வேலைகள். ஒரே ஏணியின் படிகளாக இவற்றை அடுக்கிவைத்ததால்தான் பூனையின் அறிவைப் பற்றி இத்தனை குழப்பம்.

அந்த ஏணி பூனைக்காகச் செய்யப்பட்டதல்ல, தொட்டில் குழந்தைக்காகச் செய்யப்பட்டது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே தன் மூன்று குழந்தைகளும் வளர்வதைப் பக்கத்திலிருந்து கவனித்து எழுதிய நூல் 1937-ல் வெளிவந்தது. குழந்தை ஆசையோடு பார்த்துக்கொண்டிருக்கும் பொம்மையின் மேல் துணியைப் போட்டு மூடினால், சுமார் எட்டு மாதம் வரை அது துணியை விலக்கித் தேடுவதில்லை; பொம்மையோடு ஆசையும் மறைந்துவிட்டதுபோல் திரும்பிக்கொள்கிறது. அதற்குப் பிறகு தேடக் கற்கிறது, ஆனால் ஒரு வேடிக்கையான பிழையோடு. ஒரே இடத்தில் சில முறை ஒளித்துவிட்டு, அடுத்த முறை அதன் கண்ணெதிரிலேயே வேறிடத்தில் ஒளித்தாலும் பழைய இடத்தைத்தான் துழாவும். ஒன்றரை வயதை ஒட்டித்தான் கடைசிப் படி எட்டுகிறது. பொருளைக் கைக்குள் மூடி, அந்தக் கையைத் தலையணைக்கு அடியில் விட்டு எடுத்து, வெறுங்கையைக் காட்டினால் குழந்தை தலையணையைத் தூக்கிப் பார்க்கிறது. பொருள் அங்கே விழுந்ததை அது பார்க்கவில்லை. விழுந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. பொருள் நிலைப்பு என்று இந்த அறிவுக்குப் பெயர். பேச்சே தேவைப்படாத சோதனை என்பதால், விலங்குகளை ஆராய்பவர்களுக்கு இது கிடைத்தற்கரிய கருவியாகத் தோன்றியது. எந்த விலங்கு எந்தப் படியில் நின்றுவிடுகிறது என்று பார்த்து மதிப்பெண் போட்டுவிடலாம் அல்லவா?

1971-ல் ஹோவர்ட் க்ரூபரும் கூட்டாளிகளும் பூனையைச் சோதித்து, அது பாதி ஏணியில் நின்றுவிடுகிறது என்றார்கள். 1981-ல் வேறிரு ஆய்வாளர்கள் பூனையும் நாயும் உச்சிப் படி வரை ஏறிவிடுகின்றன என்றார்கள். இத்தனை தூரம் விலகி நிற்கும் முடிவுகள் வந்தால், விலங்கைவிடச் சோதனையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கனடாவின் கியூபெக் நகரிலுள்ள லவால் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்சுவா டோரே செய்தது அதைத்தான். 1986-லிருந்து அவரும் மாணவர்களும் வாசனை, ஆய்வாளரின் பார்வை, பழகிய இடம் என்று துப்புக் கொடுக்கக்கூடிய ஒவ்வொன்றையும் அடைத்துக்கொண்டே வந்தார்கள். பூனை பார்த்துக்கொண்டிருக்கையில் பொருள் ஒரு பெட்டிக்குப் பின்னால் போய் மறைந்தால், அது நேராக அந்தப் பெட்டிக்குப் போகிறது. இதில் தடுமாற்றம் இல்லை. அடுத்த சோதனை ஏறக்குறைய நம் தெருக்களில் காட்டும் செப்படி வித்தைதான். பொருளை ஒரு சிறு கொள்கலத்துக்குள் போட்டு, கொள்கலத்தை ஒரு பெட்டிக்குப் பின்னால் கொண்டுபோய், பொருளை அங்கே ரகசியமாக விட்டுவிட்டு, காலிக் கொள்கலத்தைப் பூனைக்குக் காட்டுவார்கள். இங்கே பூனை தோற்றது. கொள்கலம் போன இடத்தைத் தேடாமல், பெரும்பாலும் பொருளைக் கடைசியாகத் தன் கண்ணால் கண்ட இடத்தையே தேடியது. தோல்விதான், ஆனால் ஊமைத் தோல்வி அல்ல. பொருள் இல்லாமல் போய்விட்டது என்று பூனை நினைத்திருந்தால் தேடவே போயிருக்காது. அது தேடுகிறது, பழைய முகவரியில் தேடுகிறது.

1981-ல் கிடைத்த வெற்றி எங்கிருந்து வந்திருக்கலாம் என்று யோசிக்க, நாய்களைப் பற்றிய பிந்தைய ஆய்வு ஒன்று வழிகாட்டுகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் எம்மா காலியர்-பேக்கரும் கூட்டாளிகளும் 2004-ல் நாய்களை இதே வித்தையில் இறக்கினார்கள். முதலில் நாய்கள் வென்றதுபோலத்தான் இருந்தது. பிறகு, வித்தை முடிந்ததும் காலிக் கொள்கலத்தை எங்கே வைப்பது என்பதை மாற்றிப் பார்த்தார்கள். கொள்கலம் சரியான பெட்டியின் பக்கத்தில் கிடந்தபோது மட்டும் நாய்கள் சரியாகத் தேர்ந்தன; தள்ளி வைத்தால் தடுமாறின. பொருளின் காணாத பயணத்தை அவை மனதில் போட்டுப் பார்க்கவில்லை. கொள்கலம் கிடக்கிற பக்கம் போ என்ற எளிய விதியே போதுமானதாக இருந்தது. மனிதரோடு இவ்வளவு ஒட்டி வாழும் நாய்க்கே இந்த நிலை என்றால், பூனையின் பழைய வெற்றியை நம்பிக் கோட்டை கட்ட முடியாது. டோரேயின் கண்டிப்பான முடிவையே நான் ஏற்கிறேன்.

ஆனால் முடிவை ஏற்பது வேறு, அதற்குத் தரப்படும் விளக்கத்தை ஏற்பது வேறு. கைக்குள் மூடி, தட்டுக்கு மாற்றி, துணிக்கடியில் வைத்து ஒளிப்பது மனிதர்களின் விளையாட்டு. எந்த எலியும் கிண்ணத்தில் ஏறிப் பயணம் செய்வதில்லை. வேட்டையில் நடப்பது பெரும்பாலும் தலைகீழானது: இரை ஓடுகிறது, பூனை ஒரு புதரைச் சுற்றிக்கொண்டு வருகிறது, வருவதற்குள் இரை எதற்கோ பின்னால் போய்விடுகிறது. டோரேயோடு பணியாற்றிய குளோட் டுமா 1992-ல் இந்த நிலையை ஆய்வுக்கூடத்தில் அமைத்தார். இலக்கைப் பார்த்த பூனை அதை அடைய ஒரு தடுப்பைச் சுற்றிப் போக வேண்டும். போகும் அந்த இடைவெளியில் இலக்கு மறைந்துவிடும். தடுப்பைத் தாண்டி வந்ததும் பூனை தானே எங்கே தேடுவது என்று முடிவுசெய்ய வேண்டும். கொள்கல வித்தையில் தோற்கும் பூனை இங்கே நன்றாகவே தேறியது. சோதனை சுலபமாகிவிட்டது, அவ்வளவுதான் என்று ஒருவர் மறுக்கலாம். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. இங்கே பூனைக்கு இலக்கு நகரும் திசையின் துப்பாவது கிடைக்கிறது. கொள்கலத்தில் அதுவும் இல்லை. ஆகவே டுமாவின் ஆய்வு பூனையை உச்சிப் படியில் ஏற்றிவிடவில்லை. காணாததைப் பற்றிய அறிவு, அது எந்தச் சூழலில் கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்து வெளிப்படுவதும் பதுங்குவதுமாக இருக்கிறது என்பதை மட்டும் காட்டுகிறது. எனக்கு அதுவே போதும்.

மறைந்த பொருளை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது என்பது அடுத்த கேள்வி. இதற்கு வரும் விடைகள், பூனைக்குள் இருப்பது ஒரே நினைவுப் பெட்டி அல்ல என்று சொல்கின்றன. சில்வேன் ஃபிசேயும் டோரேயும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பொருள் ஒரு பெட்டிக்குப் பின்னால் மறைந்ததும் பூனையின் முன் ஒரு திரையை வைத்து, சிறிது நேரம் கழித்து விட்டார்கள். முதல் 30 நொடிக்குள் பூனையின் துல்லியம் வேகமாகச் சரிந்தது. 60 நொடியிலும் குருட்டுத் தேர்வைவிட மேலாகவே இருந்தது, ஆனால் மிகவும் மேலாக அல்ல. இதே மாதிரியான சோதனையில் நாய்கள் 240 நொடிக்குப் பிறகும் தாக்குப்பிடித்தன. இதை மட்டும் படிப்பவர் பூனையை மறதிக்காரப் பிராணி என்று முடிவுகட்டிவிடுவார். ஆனால் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் சாஹோ தகாகியின் குழு 49 பூனைகளை வைத்துச் செய்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. சில பாத்திரங்களில் உணவு இருப்பதைப் பூனைக்குக் காட்டி, எல்லாவற்றையும் தின்னவிடாமல் வெளியே அழைத்துப் போய்விட்டார்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பி வந்தபோது பாத்திரங்கள் எல்லாமே காலி. பூனைகள் தாம் தின்னாமல் விட்டுப்போன பாத்திரங்களைத்தான் அதிகமாக ஆராய்ந்தன. எல்லாமே காலி என்பதால் வாசனை வழிகாட்டியது என்று சொல்வதற்கில்லை. நினைவு சோதிக்கப்படும் என்று பூனைக்கு யாரும் முன்கூட்டிப் பழக்கிவைக்கவுமில்லை. ஒரே ஒருமுறை நேர்ந்த அனுபவம் அது.

இதைவிட எனக்கு வியப்பூட்டுவது கால்களைப் பற்றிய ஆய்வு. பூனை ஒரு குட்டையான தடையைத் தாண்டும்போது முன்னங்கால்களைத் தூக்கிவைக்கும். பின்னங்கால்கள் தாண்டும் நேரத்தில் தடை வயிற்றுக்கு அடியில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் மக்வேயும் கியர் பியர்சனும், முன்னங்கால்கள் தாண்டிய கணத்தில் உணவைக் காட்டிப் பூனையை நிறுத்திவிட்டு, அதற்குத் தெரியாமல் தடையைக் கீழே இறக்கிவிட்டார்கள். பூனை மறுபடி நடந்தபோது, இல்லாத தடைக்காகப் பின்னங்கால்கள் உயர்ந்து தாண்டின. நிறுத்திவைத்தது 10 நிமிடமானாலும் இது நடந்தது. முன்னங்கால்கள் தாண்டுவதற்கு முன்பே நிறுத்தி, தடையைக் கண்ணால் மட்டும் பார்க்கவிட்டிருந்தால் நினைவு விரைவில் மங்கிவிட்டது. முதுகுத்தண்டின் அனிச்சைச் செயல் என்று இதை ஒதுக்கிவிடவும் வழியில்லை. மூளையின் பின்பக்கச் சுவர்ப் புறணியில் ஒரு பகுதி சேதமடைந்தால் இந்த நினைவு நிலைப்பதில்லை என்று அதே குழு 2009-ல் காட்டியது. பெட்டிச் சோதனையில் ஒரு நிமிடத்துக்குள் தேய்ந்துபோகும் காணாப் பொருள், உடம்பு அதைச் செயலில் சந்தித்திருந்தால் பத்து நிமிடம் நிலைக்கிறது. பூனைக்கு நினைவு எவ்வளவு என்று கேட்பதே பாதிக் கேள்விதான். எதற்கான நினைவு என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இதுவரை சொன்னவை எல்லாம் ஒருமுறை பார்த்தோ தொட்டோ அறிந்த பொருளை வைத்திருப்பதைப் பற்றியவை. பார்க்கவே பார்க்காத பொருள்? பூனையின் காது 85,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. மனிதக் காது 20,000-த்தோடு நின்றுவிடுகிறது. எலிகள் தங்களுக்குள் எழுப்பும் மீயொலியே இந்தக் காதுக்கு எட்டும். இப்படிப்பட்ட விலங்கைக் கண்ணுக்கான வித்தைகளால் மட்டும் சோதித்துக்கொண்டிருந்தது ஒருவகையில் நம்முடைய தன்னலம்தான். தகாகியின் குழு 2016-ல் காதுக்கான சோதனை ஒன்றை வெளியிட்டது. ஆய்வாளர் ஒரு மூடிய கொள்கலத்தைக் குலுக்குவார். சில முறை உள்ளே கடகடவென்று உருளும் சத்தம் வரும், சில முறை வராது. பிறகு அதைக் கவிழ்ப்பார். சில முறை பந்து விழும், சில முறை விழாது. சத்தம் வந்து பந்து விழுவதும், சத்தம் வராமல் ஒன்றும் விழாமல் இருப்பதும் இயல்பு. சத்தம் வந்தும் ஒன்றும் விழாததும், சத்தமே இல்லாமல் பந்து விழுவதும் இயல்புக்கு முரண். சோதிக்கப்பட்ட 30 பூனைகளும் மொத்தத்தில் முரணானவற்றையே அதிக நேரம் உற்றுப் பார்த்தன.

உற்றுப் பார்ப்பதால் எதுவும் புரிந்துவிட்டதாகச் சொல்ல முடியுமா என்ற எதிர்ப்பு இந்த இடத்தில் வழக்கமாக எழும். இதே முறையைக் குழந்தைகளிடம் ரெனே பாயார்ஜோன் 1985-ல் கையாண்டபோதும் எழுந்தது. மறைவிலுள்ள பெட்டியை ஊடுருவி ஒரு பலகை சாய்வதுபோல் காட்டியதை ஐந்து மாதக் குழந்தைகள் நெடுநேரம் பார்த்தன; பியாஜேயின் ஏணி குழந்தைக்கே சரியாகப் பொருந்தவில்லையோ என்ற ஐயம் அப்போதே தொடங்கிவிட்டது. பூனைச் சோதனையின் அமைப்பில் இந்த எதிர்ப்புக்கு ஒரு பதில் இருக்கிறது. விழும் பந்து கண்ணை இழுக்கும் என்றால், இயல்பான நிகழ்விலும் பந்து விழத்தான் செய்கிறது. சத்தம் இழுக்கும் என்றால், அதுவும் இரண்டு பக்கமும் உண்டு. முரணான நிகழ்வுகளில் மட்டும் இருப்பது சத்தமும் பந்தும் ஒன்றுக்கொன்று பொருந்தாமை. அந்தப் பொருந்தாமை உறைக்க வேண்டுமென்றால், கொள்கலம் கவிழ்வதற்கு முன்பே உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பற்றிப் பூனைக்கு ஓர் எதிர்பார்ப்பு இருந்தாக வேண்டும். இயற்பியல் விதியைப் பூனை உணர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். வாழ்நாளில் கேட்ட சத்தங்களும் தொடர்ந்து கண்ட பொருள்களும் சேர்ந்து உருவாக்கிய எதிர்பார்ப்பாக இருக்கலாம். அப்படியே இருந்தாலும் அது காணாத ஒரு பொருளைப் பற்றிய எதிர்பார்ப்புதான்.

அதே குழு 2021-ல் வெளியிட்ட ஆய்வு, வீட்டில் பூனை வளர்ப்பவர்களை அதிகம் கவர்ந்தது. அறைக்கு வெளியே ஓர் ஒலிபெருக்கியிலிருந்து உரிமையாளர் பூனையின் பெயரைச் சொல்லி அழைக்கும் குரல் வரும். அடுத்த கணம் அதே குரல், அவர் நடந்து போயிருக்கவே முடியாத இடத்திலுள்ள வேறோர் ஒலிபெருக்கியிலிருந்து வரும். பூனைகள் திடுக்கிட்டுக் காதைத் திருப்பின, சுற்றிலும் பார்த்தன. காணாத மனிதரின் இடத்தைப் பூனை மனதில் குறித்துவைக்கிறது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதைக் காணா இடமாற்றத்தையே பூனை உணர்ந்துவிட்டதற்குச் சான்றாகச் சிலர் எடுத்துக்கொண்டது சரியல்ல. ஆச்சரியப்படுவதற்கு, ஆள் கடைசியாக எங்கே இருந்தார் என்பதை வைத்திருந்தாலே போதும். அவர் எந்த வழியாகப் போயிருப்பார் என்று மனதில் நடத்திப் பார்க்க வேண்டியதில்லை. கொள்கல வித்தையில் பழைய முகவரியையே தேடிய பூனையும், குரல் இடம் மாறியதும் திடுக்கிட்ட பூனையும் ஒரே கொள்கையில்தான் நடந்துகொள்கின்றன. மற்றப் பூனைகளின் குரலோ வெறும் மின்னணு ஒலியோ இப்படி இடம் மாறியபோது அந்தத் திடுக்கிடல் தெரியவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. எல்லாச் சத்தத்துக்கும் பூனை வரைபடம் போடுவதில்லை.

இனி என் வாதத்துக்கே எழும் கடினமான எதிர்ப்பு. பூனை பதுங்கி வேட்டையாடுவதால்தான் அதன் அறிவு இடத்தைப் பற்றிக்கொள்கிறது, பயணத்தை விட்டுவிடுகிறது என்று சொல்லலாமா? ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாயின் மூதாதையான ஓநாய் துரத்தி வேட்டையாடுவது. அந்த நாயும் அதே வித்தையில் தோற்கிறது. சிம்பன்சி தேறுகிறது, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியும் தேறுகிறது, அது வேட்டையாடுவதே இல்லை. ஆகவே பதுங்கு வேட்டை என்ற ஒற்றைக் காரணம் நிற்காது. வாழ்க்கை முறை, எந்த அறிவு எளிதில் வெளிப்படும் என்பதைத் தீர்மானிக்கலாம். எந்த அறிவு இல்லவே இல்லை என்பதைத் தீர்மானிப்பதாகச் சொல்ல நம்மிடம் சான்று போதாது. மறுபக்கம், பூனைக்கு எல்லாம் தெரியும், நமக்குச் சோதிக்கத் தெரியவில்லை என்று சொல்லித் தப்பிப்பதும் சோம்பேறித்தனம். 2009-ல் பிரிட்டனில் 15 பூனைகளுக்கு இரண்டு கயிறுகளைக் கொடுத்து, ஒன்றின் நுனியில் மட்டும் உணவைக் கட்டிவைத்தார்கள். உணவும் கயிறும் கண்ணெதிரே இருந்தும், எந்தக் கயிற்றை இழுப்பது என்பதைப் பூனைகள் சீராகத் தேர்ந்தெடுக்கவில்லை. மறைவில் நடப்பதை ஊகிக்காத பிராணி, கண்ணெதிரே உள்ள பிணைப்பையும் சில நேரம் தவறவிடுகிறது. விலங்குகளின் மனதை ஆராய்ந்த உளவியலாளர் லாயிட் மார்கன் 1894-ல் வகுத்த விதி இங்கே இன்னும் செல்லும்: எளிய விளக்கம் போதுமென்றால் உயர்ந்த விளக்கத்தைத் தேடாதே. அந்த விதியைக் கடைப்பிடித்தும் மிஞ்சி நிற்பவைதான் நாம் பார்த்த காலி பாத்திரங்களும், உயர்ந்து தாண்டும் பின்னங்கால்களும், கடகடக்கும் கொள்கலமும்.

ஆகவே உரிமையாளர் போர்வையை உயர்த்திப் பிடித்து, அதைக் கீழே விடும் கணத்தில் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் வீடியோக்களைப் பார்த்து, பூனை ஏமாந்துவிட்டது என்று சிரிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். போர்வைக்குப் பின்னால் ஆள் இருப்பதாக எண்ணாத பிராணி அவர் மறைந்ததும் திகைக்காது. வீட்டிலேயே கிண்ணங்களை வைத்துச் சோதித்துப் பார்க்க விரும்புபவர்கள், தொடங்கும் முன் எல்லாக் கிண்ணங்களிலும் ஒரே அளவு மீன் வாசனையைத் தடவிவிடுங்கள். ஒளிக்கும் இடத்தை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள், பூனை தேர்ந்தெடுக்கும் வரை நீங்கள் கிண்ணத்தைப் பார்க்காதீர்கள். பூனை பாதியில் எழுந்து போய்விட்டால் அதைத் தோல்விக் கணக்கில் எழுதிவிட வேண்டாம்.